மனுவில் மூன்றாவது வரி

1983

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்றோடு தாலுக்கா ஆபீஸுக்கு மூன்று தடவை ஆயிற்று. இரண்டு பஸ் மாறிப் போய் வெயிலில் நின்றதுதான் மிச்சம். முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தது சித்திரையில். இது ஆடி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற கிளார்க்கம்மா நல்ல மாதிரி. பெரிய நோட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, "இன்னும் விசாரணைக்குப் போகலை ஆயா, ஆடி கழிச்சு வாங்க" என்றார்கள்.

எனக்கு முன்னால் நின்ற கிழவி சீட்டைத் தலைகீழாக நீட்டினாள். நான் என் சீட்டு நம்பரைப் படித்தே சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "படிச்சிருக்கீங்களா?" என்றார்கள்.

"அஞ்சாங்கிளாஸ் பாஸுங்க. அந்தக் காலத்து அஞ்சு."

சிரித்துவிட்டார்கள். இன்றைக்கு நடந்ததில் அது ஒன்றுதான் நல்லது.

திரும்பும்போது வடலூரில் பஸ் நின்றது. அங்கே தருமசாலையில் போய் உட்கார்ந்தால் யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். பசிதான். கால் போகவில்லை. கவர்மெண்டு கொடுப்பது வேறு. அது வயசுக்குக் கொடுக்கிறது, மணியார்டரில், என் பெயரைக் கேட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

நான்காம் நம்பர் வீட்டிலும் கிரைண்டர் வாங்கிவிட்டார்கள். இனிமேல் மாவரைக்க வர வேண்டாம் என்று சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன் ஆயா" என்றார்கள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இந்த மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஏழு வீட்டுக்கு அரைத்தேன். இப்போது இரண்டு. வலது தோளும் தூக்க வரமாட்டேன் என்கிறது.

இசக்கியம்மாள் தன் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நான் இருக்கிற தகரக் கொட்டகைக்கு வாடகை கேட்பதில்லை. நானாகத்தான் அவள் வீட்டு மாவை அரைத்துக் கழிக்கிறேன். அவள் புருஷன் மாடசாமி பவர் ஹவுசில் பெர்மனெண்ட். திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். "ஆச்சி, எங்க வீட்டுல கிரைண்டர் வராது, பயப்படாதிய" என்றாள். நான் பயப்படுகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? முகத்தில் தெரிகிறதா?

ஆகஸ்ட் 14, ஞாயிறு

சின்னதுரை வந்தான். என் ஒரே பிள்ளை. மைன்ஸில் கான்ட்ராக்டில் இருக்கிறான், பெல்ட் ஓரத்தில் கரி தள்ளுகிற வேலை. முதல் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான். காதுமடல் வரைக்கும் பழுப்புக் கரி. முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டுவந்தான். சாப்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எம்மா, எவ்ளோ நாளிக்கு இப்படித் தனியா இருந்துகினு இருப்ப? வூட்டுக்கு வந்துடேன்."

"நீ போய்ச் சேரு. இருட்டிகினு வருது."

முத்தாண்டிக்குப்பத்தில் அவன் வீட்டை விட்டு நான் வந்து இரண்டு வருஷம். மருமகள் பட்டம்மாள் ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு, "ஒக்காந்து திங்கிற கை" என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான். சேலையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

மனுக் கொடுத்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் உயிரோடு இருக்கும்போது நீ எதற்குக் கவர்மெண்டில் கை நீட்டுகிறாய் என்பான். பணம் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று தாலுக்கா ஆபீஸில் கிளார்க்கம்மா மனுக் கட்டைப் பிரித்து, "மனு மேலே போகணும்னா ஒரு கொறை இருக்கு ஆயா. மகன் இறந்த சர்டிபிகேட் சேர்க்கலையே" என்றார்கள்.

"யாரு மகன்?"

"உங்க மகன்தான். மூணாவது வரி பாருங்க."

காகிதத்தை என் பக்கம் திருப்பினார்கள். படித்தேன். 'எனது ஒரே மகன் சின்னதுரை என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இறந்துவிட்டபடியால் என்னைக் காப்பாற்ற வேறு நாதியில்லை.' கீழே என் கையெழுத்து. விருத்தாம்பாள். முழுப்பெயர். ஒரு சுழி பிசகவில்லை.

என் கண்ணாலே படிச்சேன். என் பிள்ளை செத்துட்டான்னு என் கையெழுத்துப் போட்டுக் கெடக்குது அங்க.

அந்த அம்மா ஏதோ கேட்டார்கள். "சரிங்க" என்றேன். ஏன் சரி என்றேன்? இல்லை, அவன் இருக்கிறான், நேற்றைக்கு முந்தின நாள் என் கையால் சாப்பிட்டான் என்று ஏன் சொல்லவில்லை? பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை.

ஆகஸ்ட் 31

சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

எப்படி நடந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தச் சித்திரை மாதம் என் கண்ணாடி உடைந்து கிடந்தது. பிறகு ஆனியில்தான் மாற்றினேன். தாலுக்கா ஆபீஸ் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து மனு எழுதுகிற குஞ்சிதபாதம் எழுதிக் கொடுத்தான். பிள்ளை உண்டா என்று கேட்டான். இருக்கிறான், தனியாகக் குடும்பம் நடத்துகிறான் என்று வாயாரச் சொன்னேன். "அத நான் பாத்துக்கறேன்" என்றான். எழுதி முடித்துவிட்டு, "படிச்சுக் காட்டட்டுமா ஆயா? கைநாட்டுதானே?" என்று மைப்பெட்டியைத் தள்ளினான்.

அந்த மைப்பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம். காகிதத்தை வெடுக்கென்று வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒரு எழுத்துத் தெரியவில்லை. ஆனாலும் வரி வரியாகப் படிக்கிற மாதிரி தலையை ஆட்டினேன். "சரியா எழுதியிருக்க" என்று வேறு சொன்னேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

சுற்றி நின்ற கிழவிகள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கத்தானே போட்டேன்?

செப்டம்பர் 5, திங்கள்

குஞ்சிதபாதத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தான்.

"மகன் இருக்கான்னு எழுதினா மனு அன்னிக்கே தள்ளுபடி ஆயா. நான் எல்லாருக்கும் அந்த வரிதான் எழுதறேன். இதுவரிக்கும் ஒரு நூறு புள்ளைங்கள சாவடிச்சிருப்பேன். எல்லாம் கல்லு மாதிரி இருக்கானுவ."

அதை அழித்துக் கொடு என்றேன்.

"கட்டுல சேந்தத எவன் அழிப்பான்? சர்டிபிகேட்டுக்கு வேணா ஒரு வழி பண்றேன். பேசாம வாங்கிக் குடு, பணம் வரும். போயி உளறி வெக்காத. பொய் வாக்குமூலம்னு கேஸு போடுவாங்க. கைநாட்டுன்னா தெரியாம வெச்சிட்டேன்னு அழுவலாம். நீதான் படிச்சவளாச்சே, முழுசா கையெழுத்து இல்ல போட்டுகினு கெடக்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டு, "சர்டிபிகேட்டு வேணும்னா வெள்ளிக்கெழம வா" என்றான்.

இன்னொரு சாவுக் காகிதமா? அதில் அவன் அப்பா பெயர், ஊர், செத்த தேதி, என்ன வியாதி, எல்லாம் எழுதுவார்களே. சாமி.

செப்டம்பர் 6

ஜெயிலில் போடுவார்களா? அறுபத்தாறு வயசுக்காரியை? போட்டாலும் போடட்டும். அதல்ல பயம்.

வாயால் சொன்னாலே பலிக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். பிள்ளை விளையாட்டுக்குக் கண்ணை மூடிப் படுத்தாலே, ஏந்துருடா என்று அதட்டுவோம். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முத்திரை குத்தி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதமாக அந்த மனுக் கட்டுக்குள் என் பிள்ளை செத்துக் கிடக்கிறான்.

செப்டம்பர் 11, ஞாயிறு

சின்னதுரை வரவில்லை. வெண்டைக்காய்க் குழம்பு அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறும் வரவில்லை. அப்போது ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12, திங்கள்

மாடசாமியைக் கெஞ்சிக் கேட்டு மைன்ஸ் கேட்டில் விசாரிக்கச் சொன்னேன். மத்தியானம் வந்து, "ஆறு நாளா வேலைக்கு வரலையாம், காய்ச்சலாம்" என்றார். ஆறு நாள்.

என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணிட்டேன்.

செப்டம்பர் 13, செவ்வாய்

முத்தாண்டிக்குப்பம் போனேன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசற்படி. பட்டம்மாள் முறத்தோடு நின்றாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். நேரே உள்ளே போனேன். ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ.

கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கண் மஞ்சளாக, நகம் மஞ்சளாக. காமாலை. ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொல்லையிலிருந்து கீழாநெல்லியைப் பறித்து வந்து அரைத்து மோரில் கொடுத்தேன். அம்மியில் அரைக்கிறபோது வலது தோள் வரவில்லை. பட்டம்மாள் குழவியைப் பிடுங்கி அவளே அரைத்தாள்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதம்மா. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்றான்.

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

செப்டம்பர் 14, புதன்

இசக்கியம்மாளிடம் எல்லாம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "ஏன் ஆச்சி, செத்துட்டான்னு பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவல்லா. எங்க மாமனுக்கு அப்படித்தான் ஊரே கூடிட்டு, அவரு சந்தைக்குப் போயிட்டு மிச்சர் பொட்டலத்தோட வாராரு. எண்பது வயசு இருந்தாரு" என்றாள்.

"அது மத்தவங்க சொன்னா. பெத்தவ எழுதினா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் 16, வெள்ளி

போய்ச் சொல்லிவிட்டேன்.

குஞ்சிதபாதம் சர்டிபிகேட்டுக்கு நான் வருகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினான். அவனைத் தாண்டிப் போனேன். ஜன்னலில் கிளார்க்கம்மாவிடம், "என் மகன் இருக்கானுங்க. அந்த வரியை அடிச்சுடுங்க" என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரலைத் தாழ்த்தி, "நான் அடிக்க முடியாது ஆயா. தாசில்தாருக்கு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா உதவித்தொகை கிடைக்காது, தெரியுமா?" என்றார்கள்.

"தெரியுமுங்க."

"ஏன் பொய் எழுதினேன்னு விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டுங்க."

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து நானே எழுதினேன். 'ஐயா, என் மகன் சின்னதுரை உயிரோடு இருக்கிறான். முன் மனுவில் உள்ளது தப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம். எனக்குப் பணம் வராவிட்டாலும் சரி. அவன் இருக்கிறான் என்று எழுதிக்கொள்ளவும்.' எழுதினதிலேயே 'படிக்காமல்' என்ற வார்த்தைக்குத்தான் வெகு நேரம் பிடித்தது.

அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இனி ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., நேர்ல வந்து விசாரிப்பார். மகன் வீட்டுக்கும் போவார்" என்றார்கள்.

அதை நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

பிளாக் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். இன்று வந்தது தண்ணீர் டேங்க் பார்க்கிற ஆட்கள்.

செப்டம்பர் 24, சனி

நான்காவது முறையாக முத்தாண்டிக்குப்பம். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. கஞ்சி குடிக்கிறான். பேத்தி அவன் வயிற்றில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆர்.ஐ. வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "தொர, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "சொல்லும்மா" என்று முகத்தைப் பார்த்தான். மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சொல்லலாம். உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும்.

செப்டம்பர் 26, திங்கள்

சொல்லவில்லை. மழை.

செப்டம்பர் 28, புதன்

பட்டம்மாள் வந்துவிட்டுப் போனாள்.

நான் இசக்கியம்மாள் வீட்டு உளுந்தைக் களைந்துகொண்டிருந்தேன். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. காலையில் ஆர்.ஐ. ஐயா தலையாரியோடு அவர்கள் வாசலில் வந்து நின்று, "சின்னதுரைங்கிறவரு இறந்துட்டாரா, இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து அவனே எழுந்து வந்து, "நான்தாங்க சின்னதுரை" என்றிருக்கிறான். அவர் மனுவைக் காட்டியிருக்கிறார். அவனுக்கும் படிக்கத் தெரியும்.

"காமாலயில கெடந்தான் உம் புள்ள. நீ மோர்ல மருந்து கலக்கிக் குடுத்துகினே அங்க சாவு எழுதிக் குடுத்திருக்கியே. பெத்தவளா நீ? எந் தாலிய அறுத்து எழுதிக் குடுக்கச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?"

பிளாக்கே வெளியே வந்து நின்றது. இசக்கியம்மாள் குறுக்கே வந்து, "ஏ புள்ள, அது மனு எழுதுறவன் செஞ்ச வேல" என்று ஆரம்பித்தாள்.

நான்தான் நிறுத்தினேன். "இல்ல. கையெழுத்து நான் போட்டது" என்றேன்.

பட்டம்மாள் அப்படியே நின்றாள். அதற்குமேல் திட்ட வரவில்லை அவளுக்கு. உட்கார்ந்து அழுதாள். "அது ஒரு வார்த்த பேசல. செவுத்தப் பாத்துப் படுத்துகினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. உளுந்து கையிலேயே இருந்தது.

அக்டோபர் 2, ஞாயிறு

வரவில்லை. நான் போகலாம். போய் எந்த முகத்தோடு நிற்பது?

அக்டோபர் 9, ஞாயிறு

வரவில்லை.

அக்டோபர் 13, வியாழன்

சின்னதுரை வேலைக்கு வருகிறானாம். இரண்டாம் ஷிப்ட். இளைத்துவிட்டான், ஆனால் தெம்பாகத்தான் இருக்கிறான் என்று மாடசாமி சொன்னார். "ஆச்சி எப்படி இருக்காவன்னு கேட்டானா?" என்று இசக்கியம்மாள் அவரைக் கேட்டாள். மாடசாமி சட்டையைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

இருக்கிறான். அது போதும். போதும் என்றுதான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 16, ஞாயிறு

இரண்டு பேருக்குச் சோறு வைத்தேன். ராத்திரி மீந்ததில் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 26, புதன்

தாலுக்கா ஆபீஸ் கவர் வந்திருக்கிறது. பழுப்புக் கவர், 'அரசுப் பணி' என்று மேலே. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்துப் போடும்போது எழுத்துக் கோணிப்போயிற்று.

கேஸாகத்தான் இருக்கும். இசக்கியம்மாள், "அவுக வரட்டும், படிச்சுச் சொல்லச் சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அரிசிப் பானைக்கடியில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 27, வியாழன்

குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டுப் பிரித்தேன்.

டைப் அடித்த காகிதம். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இந்த முறை தலையை ஆட்டவில்லை. கேஸ் என்று எதுவும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை தேடினேன், இல்லை. இப்படி இருந்தது:

'மனுதாரர் திருமதி விருத்தாம்பாள் என்பவரின் மகன் திரு. சின்னதுரை, வயது 36, என்பவர் உயிருடன் இருப்பதும், உழைத்துச் சம்பாதித்து வருவதும் நேரடி விசாரணையில் தெரியவருகிறது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.'

கீழே தாசில்தார் கையெழுத்து. ஊதா மையில் வட்ட முத்திரை.

உயிருடன் இருப்பதும். கவர்மெண்டே எழுதி முத்திரை வைத்திருக்கிறது. இசக்கியம்மாள் ஓடி வந்து, "பணம் கெடச்சிட்டா ஆச்சி?" என்றாள். அப்போதுதான் எனக்கு, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. "இல்ல, தள்ளுபடி" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

மத்தியானம் சைக்கிள் சத்தம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு படித்தான். முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அப்ப பணம் வராதா?"

"வராது."

"நீயே போய்ச் சொன்னியாமே. ஆர்.ஐ. சொன்னாரு."

காகிதத்தை நாலாக மடித்தான். திருப்பிக் கொடுப்பான் என்று கையை நீட்டினேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவினான்.

கத்தரிக்காய்க் குழம்புதான். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.